பளிங்குத் தண்ணீரில் பட்டினி

அடுப்பு மேடையில் ஒரு சொட்டுக் கறை இருந்தால் நமக்குத் தூக்கம் வராது. கண்ட இடத்தைத் துடைப்பதும், கண்ட பாத்திரத்தைத் தேய்ப்பதும் நம்முடன் பிறந்த குணம். நல்ல குணந்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நல்ல குணமே ஒரு வீட்டில் என்ன வினை செய்தது என்பதை இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

சிங்கப்பூரில் என் பெரியம்மாவின் இளைய பெண் இருக்கிறாள். அவள் கணவருக்குச் சீட்டாட்டம் கிடையாது. சினிமாப் பைத்தியம் கிடையாது. இருக்கிற ஒரே பைத்தியம், கூடத்தில் வைத்திருக்கும் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதில் இருப்பது உப்புத் தண்ணீர். அதற்குள் கல், கல்லின்மேல் உயிருள்ள பவளங்கள், நடுவே இரண்டு கோமாளி மீன்கள். மான் கொம்பைப் போலக் கிளைவிட்ட ஒரு பவளத்தைச் சுண்டுவிரல் அளவிலிருந்து ஆறு வருஷம் வளர்த்து, இரண்டு கை அகலத்துக்குக் கொண்டு வந்திருந்தார் மனுஷர்.

அவர் உத்தியோக விஷயமாக இரண்டு மாதம் வெளிநாடு போனார். தொட்டி இவள் பொறுப்பில் வந்தது. மீன் பட்டினி கிடக்குமோ என்று பயந்து இவள் இரண்டு வேளைத் தீனியை நாலு வேளையாக்கினாள். மூன்றாம் வாரம் கண்ணாடியிலும் கல்லிலும் பச்சைப் பாசி. அந்தச் சமயம் பார்த்து ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், "என்னடிம்மா இது, கோயில் குளம் மாதிரி இருக்கு?" என்று கேட்டு விட்டார்.

போதாதா? விசாரித்தாள். பாசிக்குத் தீனி பாஸ்பேட் என்று தெரிந்தது. கடைக்குப் போய் இரண்டு ரியாக்டர்கள் வாங்கி வந்தாள். ரியாக்டர் என்றவுடன் அணுசக்தி நிலையத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். நீளமான பிளாஸ்டிக் குழாய், மேலும் கீழும் பஞ்சு, ஒரு சின்னப் பம்பு, அவ்வளவுதான். தண்ணீர் கீழே நுழைந்து மேலே ஏறி, உள்ளே போட்ட சரக்கைத் தழுவிக்கொண்டு தொட்டிக்குத் திரும்பும். ஒன்றில் செம்மண் நிறத்தில் ஒரு குறுமணல், மற்றதில் கரி. பொட்டலத்தில் போட்டிருந்த அளவைப் பார்த்தாள். 'ஒரு பங்கே இவ்வளவு நல்லது செய்யுமானால்...' என்று மூன்று பங்கு கொட்டினாள்.

நாலாம் நாள் தண்ணீர் பளிங்கு! மாமியாரே மெச்சினார். பத்தாம் நாள் மான் கொம்புப் பவளம் அடியிலிருந்து வெளுக்க ஆரம்பித்தது. தோல் உரிந்து எலும்பு தெரிவது போல் வெள்ளை மேலே ஏறியது. இரவு பதினொரு மணிக்கு எனக்குத் தொலைபேசியில் ஒரே அழுகை. "அக்கா, நான் சுத்தந்தானே பண்ணினேன்?"

அந்தக் கேள்வி என்னைச் சும்மா விடவில்லை. விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டேன், புத்தகங்களைப் புரட்டினேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பவளம் செடியும் அல்ல, கல்லும் அல்ல. கூட்டமாக வாழும் சின்னஞ்சிறு பிராணி. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தைக் கொண்டு அந்தப் பாசி சமைக்கிற சாப்பாட்டில்தான் பவளத்தின் குடும்பம் பெரும்பாலும் நடக்கிறது. அந்த உள்வீட்டுப் பாசிக்கும் பாஸ்பேட் வேண்டும்! கண்ணாடியில் படரும் பாசியை விரட்ட முழு பாஸ்பேட்டையும் துடைத்தால், வீட்டுச் சமையற்காரிக்கே அரிசி இல்லாமல் போய்விடுகிறது.

'அப்படியானால் பாஸ்பேட் இருந்துவிட்டுப் போகட்டுமே' என்கிறீர்களா? அதுவும் ஆகாது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டில் ஒன் ட்ரீ தீவு என்று ஓர் இடம். அங்கே ஒரு சிறு பவளத் திட்டுக்கு எட்டு மாதம் நைட்ரஜன் சத்தும் பாஸ்பேட்டும் சேர்த்து ஊட்டிப் பார்த்தார்கள். பவளங்கள் சுண்ணாம்புக் கூடு கட்டும் வேலை பாதிக்குமேல் குறைந்துவிட்டது என்று 1979-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் பாஸ்பேட்டே காரணம் என்பது அவர்கள் கருத்து. இன்னொரு பக்கம், இங்கிலாந்தில் ஸௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சியோ, நைட்ரஜன் சத்து மிகுந்து பாஸ்பேட் பற்றாமல் போனால், வெயிலையும் வெப்பத்தையும் தாங்க முடியாமல் பவளம் எளிதில் வெளுத்துவிடுகிறது என்றது. பாஸ்பேட்டின் கதை குழம்பில் உப்பின் கதைதான். கூடினாலும் வாயில் வைக்க முடியாது. இல்லாவிட்டாலும் வைக்க முடியாது.

அந்தச் சிவப்பு மணல் என்ன தெரியுமா? ஜன்னல் கம்பியில் பிடிக்கும் துருவுக்கு நெருங்கிய சொந்தம். இப்படிப்பட்ட இரும்பு மணலை 1990-களில் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது மீனுக்காக அல்ல. குடிதண்ணீரில் கலந்திருக்கும் ஆர்ஸனிக் விஷத்தை எடுப்பதற்காக. ஆர்ஸனிக்கைப் பிடிக்கும் துரு பாஸ்பேட்டையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. சரக்கு வீரியமானது. அதைத்தான் இவள் மூன்று பங்கு போட்டாள்!

கரி வேறு ஜாதி. அது பாஸ்பேட்டைத் தொடாது. தண்ணீரில் ஏறும் மஞ்சள் நிறத்தையும், பவளங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொறாமைப்பட்டுக் கக்கும் நஞ்சையும் இழுத்துக்கொள்ளும். நம் கொட்டாங்கச்சியிலிருந்தும் இந்தக் கரியைச் செய்கிறார்கள். ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் நுண்துளைகளைப் பிரித்து விரித்தால் சுமார் 1,000 சதுர மீட்டர் வருமாம்; நாலு கிரவுண்டு மனைக்கும் மேல்! ஆனால் இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மஞ்சள் போய்விட்டால் விளக்கு வெளிச்சம் திடீரென்று கூடுதலாக உள்ளே இறங்கும். இருட்டறையிலிருந்தவரை உச்சி வெயிலில் நிறுத்திய கதை. ஏற்கனவே பட்டினியாகக் கிடந்த பவளத்துக்கு அந்த அடியும் சேர்ந்து விழுந்தது.

உங்களிலும், வெளிநாட்டிலுள்ள உங்கள் பெண் பிள்ளைகளிலும் இப்படித் தொட்டி வைத்திருப்பவர்கள் இருக்கலாம். அவர்களுக்காகச் சில வார்த்தைகள்.

முதலில் அளந்து பாருங்கள். லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை பாஸ்பேட் இருந்தால் போதும் என்பது அனுபவஸ்தர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதற்குமேல் போனால்தான் சிவப்பு மணல். அதிலும் பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கு போட்டு, இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அளந்து, பிறகு கூட்டுங்கள். அரிசி களைவது போல, கழுநீர் தெளியும் வரை சுத்திகரித்த தண்ணீரில் மணலை அலசுங்கள். ரியாக்டரிலிருந்து முதலில் வரும் தண்ணீரை வாளியில் பிடித்துக் கொட்டிவிடுங்கள். உலையில் மேலாக இருக்கும் அரிசி லேசாக அசையுமே, அந்த அளவுக்கு மணல் அசைந்தால் போதும். அசையாவிட்டால் கட்டிபட்டுப் போகும். கரியை அப்படி உருளவிடாதீர்கள், உரசிப் பொடியாகிவிடும். கொஞ்சமாகப் போட்டு, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பாஸ்பேட் ஒரு வாரத்தில் இறங்கி, மறு வாரம் ஏறினால் பதறாதீர்கள். சுண்ணாம்புக் கல் தான் குடித்து வைத்திருந்த பாஸ்பேட்டைக் கொஞ்சங் கொஞ்சமாகத் திருப்பித் தருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது எந்த வாசல் வழியாக வருகிறது என்று பாருங்கள். நாம் போடும் தீனிதான் பெரிய வாசல். அதைக் குறைக்காமல் ரியாக்டரை ஓட்டுவது, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தரையைத் துடைப்பது போலத்தான்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். இதைப் படித்துவிட்டு மன்னார் வளைகுடாப் பவளத்தில் யாரும் கைவைத்துவிடாதீர்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் நம் கடற்பவளங்கள் 2001-ல் சேர்ந்துவிட்டன. ஒரு கிளையைக் கிள்ளினாலும் குற்றம்.

என் தங்கை என்ன செய்தாள்? சிவப்பு மணலை அன்றிரவே எடுத்துவிட்டாள். விளக்கைச் சில நாள் மங்கலாக்கினாள். அளவு பார்த்துத் தீனி போட்டாள். இருந்தும் மான் கொம்பில் முக்கால்வாசி போய்விட்டது. நுனியில் உயிரோடிருந்த நாலு கிளைகளை ஒடித்து வேறு கல்லில் ஒட்டி வைத்தாள். கணவர் திரும்பி வந்தார். ஒன்றும் மறைக்காமல் சொன்னாளாம். அவர் தொட்டி முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "சுண்டுவிரல் அளவில்தானே ஆரம்பித்தோம்" என்றாராம்.

போன மாதம் பேசினாள். நாலும் கல்லைப் பிடித்துக்கொண்டு விட்டனவாம். பின்பக்கக் கண்ணாடியில் மட்டும் கொஞ்சம் பச்சை படர்ந்திருக்கிறதாம். மாமியார் அதைச் சுட்டிக்காட்டியபோது, "அது இருக்கட்டும், அத்தை" என்று சொல்லிவிட்டாளாம்.