உங்க கை வேர்க்குதா தம்பி?

கல்லூரி கடைசி வருடம், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தேன். விரலை டச்பேடில் லேசாக இடது பக்கம் நகர்த்தினேன். அம்பு திரையின் வலது மேல் மூலைக்குப் பாய்ந்து அங்கேயே ஒரு கிளிக்கும் செய்தது. அந்த மூலையில் என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ‘சேமிக்கவா?’ என்று கேட்ட பெட்டிக்கும் அம்பே பதில் சொல்லிவிட்டது. பதினோரு பக்கம் போச்சு.

சர்வீஸ் சென்டரில் இருந்தவர் லேப்டாப்பைத் திறக்கக்கூட இல்லை. “தம்பி, உங்களுக்கு கை ரொம்ப வேர்க்குதா? துடைச்சிட்டு யூஸ் பண்ணுங்க.” நானும் நம்பினேன். ஏறக்குறைய இரண்டு வருடம் மடியில் கைக்குட்டையோடு டைப் அடித்தேன். பிறகு அதே லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு கெர்னல் லாகைத் திறந்தபோதுதான் பார்த்தேன்: டச்பேட் முதல் பைட்டிலேயே ஒத்திசைவு இழந்தது என்று வரிவரியாக எழுதியிருந்தது. வியர்வையால் விரலின் இடம் தப்பாகப் பதிவாகலாம். ஆனால் பைட்டுகளின் வரிசை குலையாது. இரண்டு வருடம் நான் துடைத்தது தப்பான இடத்தை.

இந்தக் கட்டுரை அந்த சர்வீஸ் ஆளைப் பற்றியது அல்ல. பாவம், அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? என் சண்டை என் தொழில்காரர்களோடு. கெட்ட தரவு வந்தால் அதை எப்படியாவது நல்ல தரவு மாதிரி ஆக்கிவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கிறவர்களோடு.

விஷயத்துக்கு வருவோம். பழைய டச்பேட்கள் பிஎஸ்/2 என்கிற, ஐபிஎம் 1987இல் கொண்டுவந்த வழியில் பேசுகின்றன. ஒவ்வொரு பைட்டும் 11 பிட்டாகப் போகும்: தொடக்கத்துக்கு ஒன்று, தரவு எட்டு, பாரிட்டி ஒன்று, முடிவுக்கு ஒன்று. பாரிட்டி ஒரு பிட் புரண்டால் கண்டுபிடிக்கும். இரண்டு புரண்டால் கோட்டை விட்டுவிடும். சினாப்டிக்ஸ் டச்பேட் ஆறு பைட்டை ஒரு பாக்கெட்டாக, நொடிக்கு 80 பாக்கெட் வரை அனுப்பும். பாக்கெட் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல தனியாக எந்தக் குறியும் கிடையாது. ஒரு பைட் தொலைந்தால், சட்டையில் முதல் பொத்தானை மாற்றிப் போட்ட கதைதான், கீழே எல்லாமே ஒரு இடம் தள்ளிப்போகும். விரலின் அழுத்தமாக இருக்க வேண்டியது இடமாகிவிடும்.

லினக்ஸ் டிரைவர் இதை எப்படிப் பிடிக்கிறது? அந்த ஆறில் முதலாவதிலும் நான்காவதிலும் மட்டும் சில பிட்டுகள் மாறாதவை. அவற்றைத்தான் அது பார்க்கிறது. மற்ற நான்கு பைட்டில் எது வந்தாலும் கேள்வி இல்லை. அதாவது வாசலில் நிற்கும் காவலாளி ஆறு பேரில் இரண்டு பேருடைய அடையாள அட்டையை, அதுவும் பாதிதான், பார்க்கிறார். அதில் மாட்டினால் பாக்கெட்டைத் தூக்கி எறிகிறது. தொடர்ந்து ஐந்து கெட்டுப்போனால் டச்பேடை மறுபடி முதலிலிருந்து இணைக்கச் சொல்கிறது. ஒரு கணம் அம்பு உறைந்து நிற்பது சில சமயம் இதனால்தான். திட்டாதீர்கள், அது நேர்மையாக நடந்துகொள்கிறது.

“எறிவதா? யூஸருக்கு ஜெர்க் தெரியுமே” என்பார்கள். கணக்குப் போடுங்கள். நொடிக்கு 80 என்றால் ஒரு பாக்கெட் 12.5 மில்லி செகண்ட். அது போனால் உங்கள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதற்குப் பதிலாக, எல்லை தாண்டிய எண்ணை எல்லைக்குள் இழுத்துவைத்தால் என்ன ஆகும்? அம்பு நேராக மூலைக்குப் போகும். எனக்குப் போனதே, அந்த மூலைதான். இழுத்துவைக்கப்பட்ட பொய் எண், மேலே இருக்கும் எந்த மென்பொருளுக்கும் உண்மையான எண்ணாகவே தெரியும். பிறகு அதைப் பிரித்தெடுக்க பிரம்மாவாலும் ஆகாது.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் ஆல்ப்ஸ் டிரைவரில் இருக்கிறது. டெல் லேட்டிட்யூட் ஈ6440, ஈ7440 போன்ற சில மாடல்களில் மூடியை மூடிவைத்தால், மற்றபடி ஒழுங்கான பாக்கெட்டின் கடைசி பைட் அடிக்கடி 255 ஆகிவிடுகிறது, அதாவது எட்டு பிட்டும் ஒன்று. அந்த பைட்டின் மேல் பிட் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று விதி இருப்பதால் மாட்டிக்கொண்டது. 127 ஆகியிருந்தால் அந்தச் சோதனையைத் தாண்டிப் போயிருக்கும். டிரைவர் எழுதியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஐந்து பைட் நன்றாகத்தானே இருக்கிறது, கடைசியை ஊகித்துக்கொள்ளலாம் என்று போகவில்லை. பாக்கெட் முழுதாக வந்தது என்று ஒத்துக்கொண்டு, உள்ளே இருப்பதைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அடுத்த பாக்கெட் அநேகமாக நன்றாகவே இருக்கும், வரிசையும் குலையாது. இதைவிடப் பக்குவமான கோட் நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் அதில் எனக்கு ஒரு மனக்குறை. லாக் நிரம்பி வழிகிறது என்று அந்த எச்சரிக்கையையும் நிறுத்திவிட்டார்கள். நிரம்பினால் தொல்லைதான், மறுக்கவில்லை. எண்ணிக்கையாவது வைத்திருக்கலாமே? மேலே இருக்கும் லிப்இன்புட் இதில் தேவலை. விரல் ஒரே தாவலில் 20 மில்லிமீட்டருக்கு மேல் போனால் அதை நிராகரித்து, ‘கெர்னல் பிழை’ என்றே எழுதிவைக்கிறது. பழியைக் கீழே தள்ளுகிறது, சரி. என் உள்ளங்கை மேல் போடவில்லையே.

இவ்வளவு பேசும் நானும் யோக்கியன் இல்லை. நான்கு வருடம் முன் மருந்து வைக்கும் குளிர்பெட்டிகளுக்கு ஒரு கருவி எழுதினேன். சென்சாரிலிருந்து குப்பை வந்தால் கடைசியாக வந்த நல்ல மதிப்பையே திரும்பக் கொடு என்று ஒரே வரி. ரிவ்யூவில் பாராட்டு வேறு. ஒரு சனிக்கிழமை ஒரு பெட்டியின் ஒயர் கழன்றுவிட்டது. திங்கட்கிழமை காலை வரை கிராஃபில் 4 டிகிரி, அழகான நேர்கோடு. உள்ளே உண்மையில் எத்தனை டிகிரி இருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அத்தனை மருந்தையும் தூக்கிப் போட்டார்கள்.

அந்த வரியை எடுத்துவிட்டு, குப்பை வந்தால் வெற்றிடம், கூடவே எத்தனை முறை என்று ஒரு எண் என மாற்றினேன். வாடிக்கையாளர் தரப்பிலிருந்து போன் வந்தது: “சார், கிராஃப்ல நடுநடுவுல ஓட்டை ஓட்டையா இருக்கே, பார்க்க நல்லாவா இருக்கு?” ஓட்டை இருக்கத்தான் செய்யுது, அதைத்தான் காட்டுறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. என் மேனேஜரும் அவர் பக்கம். அந்த மாற்றம் இன்னும் மெர்ஜ் ஆகாமல் கிடக்கிறது.