பெட்டிக்குள் இருக்கும் காற்று

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் தன் ஆல்டோ 800-இன் டிக்கியைத் திறந்து காட்டினான். உள்ளே 12 இஞ்ச் சப்-ஊஃபர், கடையில் தயாராக வாங்கிய பெட்டி. "அண்ணே, இவ்வளவு பெரிசு போட்டும் பேஸ் மொத்தையாத்தான் இருக்கு. ஆம்ப்ளிஃபயரை மாத்தணுமா?" என்று கேட்டான். ஒரு பாட்டைப் போடச் சொன்னேன். பேஸ் கிட்டார் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு இறங்குவது காதில் பிரியவே இல்லை. எல்லாம் ஒரே 'டும்'. ஆம்ப்ளிஃபயரில் குறை ஏதும் இல்லை. அந்த ஊஃபருக்கு வேண்டிய காற்று அந்தப் பெட்டியில் இல்லை, அவ்வளவுதான்.

சின்ன கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் முதலில் ஊஃபரை வாங்கிவிட்டு, பிறகு டிக்கியில் எது நுழையுமோ அந்தப் பெட்டியை மாட்டுகிறார்கள். நான் சொல்வது நேர் எதிர் வரிசை. டிக்கியில் எவ்வளவு இடம் விட்டுக்கொடுக்க முடியும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த இடத்தில் வாழக்கூடிய ஊஃபரைப் பிறகு தேடுங்கள்.

காரணம் இதுதான். சைக்கிள் பம்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். தொடக்கத்தில் மெத்தென்று இறங்கும். உள்ளே காற்றுக்கு இடம் குறையக் குறையக் கல்லாகிவிடும். நாலு பக்கமும் மூடிய பெட்டிக்குள் ஊஃபரின் கூம்பு படும் பாடும் அதேதான். பின்னால் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங். பெட்டி சிறுத்தால் ஸ்பிரிங் விறைக்கும், கூம்பின் இயல்பான அதிர்வெண் மேலே ஏறும், அந்த ஓர் அதிர்வெண்ணில் மட்டும் ஒலி புடைத்து நிற்கும். அந்தப் பையனின் காரில் நான் கேட்ட 'டும்' அந்தப் புடைப்புதான். இந்தக் காற்று ஸ்பிரிங்கை வேண்டுமென்றே பயன்படுத்தி, 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் சிறிய பெட்டியிலிருந்தே ஆழமான ஒலியை எடுத்துக் காட்டினார். ஆனால் அவர் அதற்கென்றே இளகிய விளிம்பு கொண்ட ஸ்பீக்கரை வடிவமைத்தார். பெட்டியும் ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்தவை.

அந்த அளவை இன்று நாமே போட்டுப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-இலும், ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் எழுதிய ஆய்வுகளின் பயன் அது. ஊஃபரோடு வரும் தாளில் மூன்று எண்களைத் தேடுங்கள். எஃப்.எஸ். என்பது ஊஃபரின் இயல்பான அதிர்வெண். க்யூ.டி.எஸ். என்பது கூம்பு தன் ஆட்டத்தை எவ்வளவு சீக்கிரம் அடக்கிக்கொள்ளும் என்பதைச் சொல்வது. வி.ஏ.எஸ். என்பது கூம்பைத் தாங்கும் அமைப்பின் இளக்கத்துக்குச் சமமான இளக்கம் எத்தனை லிட்டர் காற்றில் இருக்கிறது என்பது. இந்தத் தாளைக் காட்டாத கடையில் ஊஃபர் வாங்க வேண்டாம் என்பேன். டப்பாமேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட்ஸ், பெட்டி விஷயத்தில் எதையும் சொல்லாது.

ஒரு 10 இஞ்ச் ஊஃபரின் எண்கள் 30 ஹெர்ட்ஸ், 0.45, 30 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வி.ஏ.எஸ்.ஸைப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். 20 லிட்டர் பெட்டிக்கு 1.58 வரும். அதை 0.45-ஆல் பெருக்கினால் 0.71, 30-ஆல் பெருக்கினால் பெட்டிக்குள் அதன் அதிர்வெண், 47 ஹெர்ட்ஸ். முதல் விடை 0.7-ஐ ஒட்டி இருந்தால் ஒலி சமமாக, புடைப்பில்லாமல் இறங்கும். அதே ஊஃபரை 10 லிட்டரில் அடைத்தால் 0.9, 60 ஹெர்ட்ஸ்: கொஞ்சம் தடித்த ஒலி, பலருக்குப் பிடிக்கவும் செய்யும். 5 லிட்டரில் 1.19, 79 ஹெர்ட்ஸ்: மொத்தை. 40 லிட்டருக்குப் போனாலோ 40 ஹெர்ட்ஸ்தான். இடத்தை இரட்டிப்பாக்கிக் கிடைப்பது வெறும் 7 ஹெர்ட்ஸ்.

சின்ன காரில் அந்த 7 ஹெர்ட்ஸுக்காக ஏங்கவும் தேவையில்லை. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். காரின் உட்புறமோ இரண்டரை மீட்டர்தான் இருக்கும். அலை விரிய இடமில்லாத அறையில் ஊஃபர் காற்றழுத்தத்தையே ஏற்றி இறக்குகிறது. அதனால் சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே, இறங்க இறங்க, கார் தானாகவே ஒலியைத் தூக்கிவிடுகிறது. மூடிய பெட்டியில் ஒலி எந்த இடத்தில் தளர்கிறதோ, ஏறக்குறைய அதே இடத்தில்தான் காரும் கைகொடுக்கிறது. கண்ணாடி இறங்கியிருந்தாலும் கதவு இடுக்கு கசிந்தாலும் இந்த உதவி குறையும். பேஸ் கிட்டாரின் ஆகக் கீழ்ச் சுரம் 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டில் அந்தக் கிட்டார் நடக்கும் நடையைத் தெளிவாகக் கேட்க ஒரு 10 இஞ்ச் ஊஃபரும் 20 லிட்டர் காற்றும் போதும்.

போர்ட், அதாவது காற்றுக் குழாய், வைத்த பெட்டி கூடுதல் சத்தம் தரும் என்பது உண்மை. ஆனால் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு இடம் கேட்கும். 40 லிட்டர் பெட்டியை 35 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்க்க, 10 செ.மீ. விட்டக் குழாய் சுமார் 41 செ.மீ. நீளம் வேண்டும். பெட்டியை 25 லிட்டராகக் குறைத்தால் குழாய் 70 செ.மீ. ஆகிவிடும். பெட்டி சிறுக்கச் சிறுக்கக் குழாய் நீள்கிறது; ஆல்டோவில் அதை எங்கே வைப்பது?

இனி கார்பென்டரிடம் கொடுக்க வேண்டிய அளவு. பலரும் தவறுவது இங்கேதான். வெளியளவு 40 × 35 × 23 செ.மீ. என்றால் 32 லிட்டர். 18 மி.மீ. பலகையில் அடித்தால் உள்ளளவு 36.4 × 31.4 × 19.4, அதாவது 22 லிட்டர். ஊஃபரின் காந்தமும் சட்டமும் சுமார் 2 லிட்டரை அடைத்துக்கொள்ள, மிச்சம் 20. வெளியளவை மட்டும் சொல்லி ஆர்டர் கொடுத்தவர் மூன்றில் ஒரு பங்கு காற்றைத் தொலைத்திருப்பார். சீட்டின் சரிவுக்கேற்ப ஆப்பு வடிவில் செய்தால் மேல் ஆழத்தையும் கீழ் ஆழத்தையும் கூட்டிப் பாதியாக்கிக் கணக்கிடுங்கள். ஊஃபரின் பின்புறம் எதிர்ப் பலகையில் இடிக்காதா என்றும் பாருங்கள். மூலைகளில் பசையும் ஸ்குரூவும் போட்டு, உள் இடுக்குகளை சீலன்ட் வைத்து அடைக்க வேண்டும். கொஞ்சம் குறைந்துவிட்டதென்றால் உள்ளே தலையணைப் பஞ்சை உதிரியாக நிரப்பலாம். பெட்டி பத்து முதல் இருபது சதவீதம் பெரிதானதுபோல் நடந்துகொள்ளும்.

சி.என்.ஜி. சிலிண்டர் டிக்கியை எடுத்துக்கொண்ட காரென்றால், சீட்டுக்கு அடியில் போகும் தட்டையான 8 இஞ்ச் ஊஃபர்தான் வழி. ஆம்ப்ளிஃபயரும் அதற்குள்ளேயே இருக்கும்.

பெட்டி எதுவானாலும் தரையோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். ஹேட்ச்பேக்கில் டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் நடுவே சுவர் கிடையாது. பத்துப் பதினைந்து கிலோ பெட்டி, திடீர் பிரேக்கில் நேரே பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகளை நோக்கித்தான் பாயும்.

ஆல்டோ 800-இன் டிக்கி 177 லிட்டர். நாம் கணக்கிட்ட பெட்டி அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் பலகை அறுப்பதற்கு முன், அதே அளவில் ஓர் அட்டைப்பெட்டியை ஒட்டி ஒரு வாரம் டிக்கியில் வைத்துப் பார்க்கும்படி அந்தப் பையனிடம் சொல்லியிருக்கிறேன். ஊருக்குப் போய் அம்மா கொடுத்த அரிசி மூட்டையோடு திரும்பும் நாளும் அந்த வாரத்தில் வரவேண்டும்.