சட்டப் படிப்பு வக்கீல் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமா?

தமிழ்நாட்டில் சட்டம் படிக்க நினைக்கும் கல்லூரி மாணவருக்குச் சுற்றத்தார் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: வீட்டில் ஒரு வக்கீல் இருக்க வேண்டும், ஆங்கிலம் சரளமாக வர வேண்டும், கிளாட் தேர்வில் தேறித் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் இடம் பிடிக்க வேண்டும், இவை இல்லாதவருக்கு இந்தத் தொழில் சோறு போடாது. இந்தக் கூற்றில் உண்மை கொஞ்சம் உண்டு. ஆனால் அது பிறப்பிலும் இல்லை, கல்லூரியின் பெயரிலும் இல்லை. முதல் சில ஆண்டுகளின் வருமானத்தில் இருக்கிறது.

கிளாட் பற்றிய பதற்றம், ஏற்கெனவே பி.காம். அல்லது பி.இ. படித்துக்கொண்டிருப்பவருக்குப் பொருந்தவே பொருந்தாது. தேசியப் பல்கலைக்கழகங்கள் அந்தத் தேர்வின் வழியே முதன்மையாகச் சேர்ப்பது பிளஸ் டூ முடித்தவர்களை, ஐந்தாண்டுப் படிப்புக்கு. பட்டம் பெற்றவருக்கு மூன்றாண்டு எல்.எல்.பி. இருக்கிறது, எந்தப் பட்டமானாலும் போதும். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் அதற்கான சேர்க்கை பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்தே நடக்கிறது. படித்து முடித்தபின் பார் கவுன்சில் பதிவும், அகில இந்திய பார் தேர்வும் எல்லோருக்கும் ஒன்றே. மும்பை, டெல்லியின் பெரிய கார்ப்பரேட் சட்ட நிறுவனங்களில் வேலை தேடுபவருக்கு மட்டும் தேசியப் பல்கலைக்கழகத்தின் பெயர் உண்மையிலேயே கைகொடுக்கும். அந்த நிறுவனங்கள் ஆள் எடுக்கப் பெரும்பாலும் அங்கேதான் போகின்றன. பவானி முன்சீப் கோர்ட்டில் வக்காலத்து தாக்கல் செய்பவரிடம் எந்தக் கல்லூரி என்று கட்சிக்காரர் கேட்பதில்லை. கவனிக்க வேண்டியது வேறு: கல்லூரிக்கு இந்திய பார் கவுன்சிலின் ஒப்புதல் இருக்கிறதா என்பது. ‘லெட்டர்பேட் காலேஜ்’ என்று வக்கீல்களே கேலி செய்யும் இடங்களில் வாங்கும் பட்டமும், அஞ்சல்வழிச் சட்டப் பட்டமும் பிற்பாடு பதிவின்போது தொல்லை தரும்.

ஆங்கிலம் பற்றிய அச்சத்துக்குப் பாதி நியாயம் உண்டு. அரசமைப்பின் 348-ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. முன்தீர்ப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. ஆகவே படித்துப் புரிந்துகொள்ளும் ஆங்கிலமும் மனு வரையும் ஆங்கிலமும் வேண்டும். அவை பழக்கத்தில் வருபவை. மேடைப் பேச்சு போன்ற சரளம் வேறு விஷயம். கீழமை நீதிமன்றங்களில் சாட்சி பேசுவது தமிழில், குறுக்கு விசாரணையும் தமிழில். பத்திரத்தில் உள்ள நான்கெல்லையையும் ஊர் வழக்கையும் தெரிந்தவருக்கு அங்கே இருக்கும் அனுகூலம் ஆங்கிலப் பள்ளி தருவதல்ல.

குடும்பப் பின்னணி பற்றிய வாதமே எல்லாவற்றிலும் வலுவானது. ஆனாலும், பவானிக்கு அருகே காடப்பநல்லூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரியான ப. சதாசிவம் 2013-இல் இந்தியத் தலைமை நீதிபதியானார். ஒருவரின் கதையால் பொது விதி நிலைநாட்டப்படாது என்பது சரிதான். வக்கீல் வீடு பிள்ளைக்கு எதைக் கொடுக்கிறது என்று பார்ப்பதே மேல். ஒரு காலத்தில் அலமாரி நிறையத் தீர்ப்புத் தொகுப்புகளைக் கொடுத்தது. ஆனால் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2023 முதல் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அனுபவத்தையும் கொடுத்தது. ஆனால் 2024 ஜூலை 1 அன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்து, 302-ஆம் பிரிவு என்றால் கொலை என்று முப்பது ஆண்டுகள் சொல்லிவந்த சீனியரும் 103 என்று புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியதாயிற்று. மிஞ்சுவது இரண்டு: கட்சிக்காரர்கள், மாதச் செலவு. கட்சிக்காரர்களை ஒரு நல்ல சீனியரின் அலுவலகத்தில் சில ஆண்டுகளில் தேடிக்கொள்ளலாம். மாதச் செலவுக்கு அப்படி வழியில்லை.

பல அலுவலகங்களில் ஜூனியருக்குக் கிடைப்பது பெட்ரோலுக்குக்கூடப் போதாது. பகலில் கோர்ட், மாலையில் ஒரு வேலை என்ற திட்டமும் எளிதாகப் பலிக்காது. முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் நடத்த பார் கவுன்சில் விதி இடம் தருவதில்லை. நாளுக்கு மூன்று மணி நேரம் வரை சட்டம் கற்பிக்கலாம் என்பது விலக்கு. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சமாக நிர்ணயிக்குமாறு தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. உத்தரவால் மட்டும் எல்லா சீனியர்களின் கையும் தாராளமாகிவிடாது. சேரும் முன்பே தொகையைக் கேட்பதில் தவறில்லை என்ற அளவுக்காவது அது உதவும். அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம், பதிவுக் கட்டணம் சட்டத்தில் சொன்ன 750 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். அதற்கு முன் ஒடிசாவில் 42,100 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

படித்து முடித்ததும் தேர்வெழுதி நீதிபதியாகிவிடலாம், ஜூனியர் காலமே வேண்டாம் என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், உரிமையியல் நீதிபதி தேர்வுக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று தீர்ப்பளித்து அந்தக் கணக்கைக் கலைத்தது. இந்த மூன்றாண்டு, பார் தேர்வில் தேறும் முன் தரப்படும் தற்காலிகப் பதிவிலிருந்தே தொடங்குவதால், பட்டம் வந்த பிறகு பதிவைத் தள்ளிப்போடுவது நட்டம்.

வீட்டு உதவி இல்லாதவருக்கு ஏற்ற இடம் ஒன்று பேச்சில் அடிபடுவதே இல்லை. ஏழைக் குற்றஞ்சாட்டப்பட்டோருக்காக மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் நடத்தும் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் அமைப்பில், உதவி நிலைப் பணிக்கு மூன்றாண்டுக்கும் குறைந்த அனுபவம் உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். மாத ஊதியம் உண்டு; தனியார் வழக்கு எடுக்க முடியாது. சீனியர் அலுவலகத்தில் வாய்தா வாங்குவதிலேயே ஓர் ஆண்டு கழிக்கும் ஜூனியரோடு ஒப்பிட்டால், இங்கே ஜாமீன் மனுவும் விசாரணையும் சீக்கிரமே கைக்கு வரும்.