புகையாகப் போகும் எரு

சம்பா அறுவடை முடிந்ததும் பாகூர், வில்லியனூர் வட்டார வயல்களில் மாலை வேளையில் புகை எழுகிறது. அறுவடை இயந்திரம் வந்த பிறகு வைக்கோலைச் சேர்த்துப் போர் போட ஆள் கிடைப்பதில்லை. வீட்டில் மாடும் குறைந்துவிட்டது. அடுத்த பட்டத்துக்கு நிலம் வேண்டுமே என்று தீ வைத்துவிடுகிறோம். கரும்பு வெட்டிய வயலில் சோகைக்கும் இதே கதிதான்.

ஆலைப் புகையும் மோட்டார் வண்டிப் புகையும் காற்றைக் கெடுப்பது உண்மையே. ஆனால் நம் பங்கையும் பார்க்க வேண்டும். 1 டன் வைக்கோலை எரித்தால் சுமார் 3 கிலோ நுண்துகளும், 60 கிலோ கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் வெளியாகின்றன. பனிக்காலத்தில் இப்புகை மேலே போகாமல் ஊர் மேல் கவிந்து நிற்கும். நுண்துகள் நுரையீரலின் அடிவரை செல்லும். இழுப்பு உள்ள முதியவரும் கைக்குழந்தையுமே முதலில் அவதிப்படுவர்.

சாம்பலும் எருதானே என்று சிலர் கேட்கலாம். 1 டன் வைக்கோலில் ஏறக்குறைய 5.5 கிலோ தழைச்சத்தும், 2.3 கிலோ மணிச்சத்தும், 25 கிலோ சாம்பல் சத்தும் உள்ளன. எரித்தால் சாம்பல் சத்தில் பெரும்பகுதி தங்கும். தழைச்சத்து ஏறத்தாழ முழுவதும் காற்றோடு போய்விடும். மண்ணை வளமாக்கும் மக்கும் கிடைக்காது. பிறகு காசு கொடுத்து யூரியா வாங்குகிறோம்.

நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தாளைச் சேற்றில் மடக்கி உழுதால் அது மக்கி எருவாகும். உழுத கையோடு நட்டால் பயிர் வெளுக்கும், அவசரம் கூடாது. மறுதாம்புக் கரும்பில் சோகையைப் பார்களுக்கு இடையே பரப்பினால் ஈரம் காக்கும், களை அடங்கும்.

ஆயினும் பழி முழுவதையும் விவசாயி தலையில் போடுவது நியாயமல்ல. பஞ்சாப், அரியானா முதலிய வட மாநிலங்களில் பயிர்க்கழிவை எரிக்கும் 2 ஏக்கருக்குக் குறைந்த நிலமுடையவருக்கு, 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2,500 ரூபாய் வசூலிக்கச் சொன்னது. டெல்லியிலும் அதன் சுற்றுப்பகுதிகளிலும் மத்திய அரசு 2024-இல் அதை 5,000 ஆக்கியது. அப்படியும் தீ அணைந்தபாடில்லை. பட்டத்துக்கு நாள் நெருங்கும்போது, இயந்திர வாடகைக்குப் பணமில்லாத சிறு விவசாயி வேறென்ன செய்வார்?

அந்த நிலை இங்கு வருமுன், வைக்கோல் கட்டும் இயந்திரத்தைக் கொம்யூன்தோறும் குறைந்த வாடகைக்குக் கிடைக்கச் செய்வது அரசின் கடமை. நாமும் இந்தப் பட்டத்தில் கால் காணியிலாவது தீ வைக்காமல் தாளை மடக்கி உழுது பார்ப்போம்.