பாட்டை வீட்டுக்குள் விடுங்கள்

மட்டக்களப்புக்கு ‘மீன்பாடும் தேனாடு’ என்று பெயர். நிலாக் காலத்து இரவுகளில் வாவித் தண்ணீருக்குள்ளிருந்து ஓர் இசை எழும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 1848ஆம் ஆண்டு செப்டெம்பரில் இங்கு வந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் என்ற ஆங்கில ஆட்சி அதிகாரி, அந்த ஒலியைத் தாம் கேட்டதாக எழுதி வைத்திருக்கிறார். தோணியின் பலகையில் காதை வைத்தபோது அது இன்னும் நன்றாகக் கேட்டது என்பதும் அவருடைய குறிப்பு. பிற்காலத்தில் லாங் அடிகளார் என்ற கத்தோலிக்கத் துறவி அந்த இசையை ஒலிப்பதிவு செய்ய, அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. வாவியின் பாட்டைக் கேட்க விரும்பும் தோணியில் துடுப்புப் போடுபவர் துடுப்பை நிறுத்த வேண்டும், பேசுபவர் பேச்சை நிறுத்த வேண்டும். தோணியில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் காது கொடுத்தால்தான் கேட்கும்.

அப்படியொரு நேரம் இன்று எங்கள் வீடுகளில் இருக்கிறதா தோழியரே? ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஐந்து கைத்தொலைபேசிகள், ஐந்து இயர்போன்கள். வாப்பா ஒரு பயான் கேட்கிறார். உம்மா சமையல் குறிப்புக் கேட்கிறார். தம்பி ஏதோ விளையாட்டுச் சத்தத்துக்குள் இருக்கிறான். ஒருவர் என்ன கேட்கிறார் என்பது மற்றவருக்குத் தெரியாது. சோறு தின்னக் கூப்பிடுவதென்றாலும் தோளில் தட்டித்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஓதலோ, பாட்டோ, கஸீதாவோ, நல்ல குரல் எதுவானாலும் வாரத்தில் ஒரு நாளாவது அதை வீட்டின் நடுவில் வைத்து எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

‘அல்பம்’ என்ற சொல்லே சேர்த்து வைப்பதைக் குறிப்பதுதான். பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிட ஒலிதான் அடங்கும். நீண்ட இசைக்குப் பல தட்டுகள் வேண்டும். அவற்றைப் புகைப்பட அல்பம் போன்ற தடித்த அட்டைப் புத்தகத்தில் உறை உறையாக வைத்து விற்றார்கள். 1948இல் நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு வந்து பல பாட்டுகள் ஒரே தட்டில் அடங்கிய பிறகும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கெசட்டை அறிமுகப்படுத்தியது. 1979இல் சோனியின் வோக்மன் வந்தது. தெருவில் நடந்துகொண்டே தனக்கு மட்டும் பாட்டுக் கேட்கும் பழக்கம் அதன் பிறகுதான் உலகமெங்கும் பரவியது.

எங்கள் பாசிக்குடா, கல்குடா, வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பக்கங்களில் பல வீடுகளுக்குக் ‘கெசட் செட்’ வந்தது மத்திய கிழக்கிலிருந்துதான். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்படுவதற்கு முன்பே இலங்கைப் பெண்கள் அங்கே வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். என் மூத்தம்மாவும் றியாதுக்குப் போனவர். நான்கு வருடங்களுக்குப் பிறகு திரும்பி வரும்போது கம்பளிப் போர்வைகளோடு இரண்டு கெசட் போடக்கூடிய பெரிய செட் ஒன்றையும் கொண்டு வந்தார். வீட்டின் முதலாவது ஆடம்பரப் பொருள் அதுதான். ஒரு பெண்ணின் நான்கு வருட உழைப்பு அதற்குள் இருந்தது.

பல வருடங்களாக அல்மாரிக்கு மேல் தூசி படிந்து கிடந்த அந்தச் செட்டை, சென்ற வருடம் மாமா திருத்தி, கைத்தொலைபேசியை இணைக்கவும் ஒரு வயர் பொருத்தித் தந்தார். அதிலிருந்து வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து கேட்கிறோம். ஸ்டீரியோ என்றால் இடது, வலது என்று இரண்டு தனித்தனி ஒலிகள். இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் முக்கோணத்தின் மூன்று மூலைகள்போல் அமைந்தால் பாடுபவர் நடுவில் நின்று பாடுவதுபோலத் தோன்றும். ஆனால் அந்த நல்ல இடம் ஒருவருக்குத்தான். எங்கள் வீட்டில் அது மூத்தம்மாவின் கதிரை.

அண்மையில் நாங்கள் கேட்டு மகிழ்ந்தவற்றை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

எதற்கும் முன்னதாக ஓதல். இதைப் பாட்டோடு ஒன்றாக வைக்கவில்லை. இதற்குரிய இடம் தனி. முழுக் குர்ஆனையும் முதன்முதலில் ஒலிப்பதிவாக ஓதித் தந்தவர் எகிப்தின் ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி. 1961இல் அது வெளிவந்தது. ஒவ்வோர் எழுத்தையும் உரிய இடத்திலிருந்து எடுத்து, அவசரமில்லாமல் ஓதுவார். தஜ்வீத் படிக்கும் தங்கைமார் அவருடைய ஓதலை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுப் பாருங்கள். வீட்டார் முன்னால் கூடவே ஓதும்போது பிழையைத் திருத்தப் பக்கத்தில் ஆள் இருக்கும்.

அடுத்தது நாகூர் ஈ.எம். ஹனிபாவின் பழைய கெசட். 1925இல் பிறந்து 2015இல் மறைந்த இவரை அறியாத தமிழ் முஸ்லிம் வீடு இருக்காது. 1961இல் வந்த ‘பாவமன்னிப்பு’ திரைப்படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு சேர்ந்து பாடியவரும் இவர்தான். சபையின் கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேரும் குரல் அது. இயர்போனில் கேட்டால் அந்தக் குரலைச் சிறு பெட்டிக்குள் அடைத்ததுபோல இருக்கிறது. விறாந்தை வரை கேட்கும்போதுதான் அதன் கம்பீரம் புரிகிறது.

மூன்றாவது, ஸாமி யூசுபின் அல்பங்கள். தெஹ்ரானில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர். 2003இல் ‘அல் முஅல்லிம்’, 2005இல் ‘மை உம்மா’ ஆகியன வந்தன. இரண்டாவது அல்பத்தை இசைக்கருவிகளோடு ஒன்றாகவும், தாளத்தோடு மட்டும் இன்னொன்றாகவும் வெளியிட்டார்கள். இசைக்கருவி கூடுமா, கூடாதா என்பது மார்க்கம் படித்தவர்கள் பேச வேண்டிய விடயம். என் வீட்டிலேயே இதில் இரண்டு கருத்து உண்டு. எனினும் ஒரு கலைஞர் இரு சாராரையும் மதித்து இரண்டு வடிவங்களைத் தந்தது எங்களுக்கு உதவியாக இருந்தது. மூத்தம்மா இருக்கும்போது தாளத்தோடு மட்டும் உள்ளதைப் போடுகிறோம். அதில் எங்களுக்கு எந்த நட்டமும் இல்லை.

நான்காவது இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’, 1986. திரைப்படத்துக்காக அல்லாமல் தனியாகச் செய்தது. தியாகராஜருக்கும் ஜேர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. வார்த்தையே கிடையாது, வயலின்தான் பேசுகிறது. முதல் நாள் உம்மா, “இதென்ன புள்ள, பாட்டுக்காரன் வரவே இல்லையே” என்று கேட்டார். அவருக்கு விளக்கப் போய்த்தான் இது எனக்கு ஏன் பிடித்திருக்கிறது என்று நானே யோசித்தேன். தனியாகக் கேட்டிருந்தால் அந்தக் கேள்வியே எனக்கு வந்திராது.

கடைசியாக முஹிதீன் பேக்கின் சிங்களப் பாடல்கள். வாப்பா பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் சமையற்காரர். அவரோடு வேலை செய்யும் சிங்களச் சகோதரர் ஒருவர் கொடுத்த இறுவட்டு அது. சேலத்தில் பிறந்து இலங்கைக்கு வந்த பேக் ஒரு முஸ்லிம். அவர் பாடிய பௌத்த பக்திப் பாடல் வெசாக் காலத்தில் இன்றும் ஒலிக்கிறது. வாப்பா பதிலுக்கு ஹனிபாவின் பாட்டுகளைப் பென் ட்ரைவில் ஏற்றிக் கொடுத்தார். பாட்டைப் பகிர்வது என்றால் என்னவென்று நான் விளங்கிக்கொண்டது இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான். “எனக்குப் பிடித்தது இது, நீயும் கேள்” என்று கொடுப்பவர் தன் மனதிலும் கொஞ்சத்தைச் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

என் கருத்துக்கு மறுப்பும் இருக்கிறது. சின்ன வீட்டில் ஏழு பேரோடு வாழும் ஒரு பெண்பிள்ளைக்குச் சாத்திக்கொள்ளத் தனிக் கதவில்லை. இயர்போன்தான் அவளுடைய கதவு என்று என் வகுப்புத் தோழி சொன்னாள். அது உண்மை. அந்தக் கதவைப் பிடுங்கச் சொல்லவில்லை. எந்நேரமும் பூட்டியே கிடக்கும் கதவைப் பற்றித்தான் பேசுகிறேன். அதோடு, 12 முதல் 35 வயது வரையானவர்களில் நூறு கோடிக்கும் அதிகமானோர் பாதுகாப்பற்ற முறையில் ஒலி கேட்பதால் செவிப்புலனை இழக்கும் ஆபத்தில் இருப்பதாக உலக சுகாதார அமைப்பு எச்சரித்திருக்கிறது. காது ஒருமுறை கெட்டால் செட்டைப்போலத் திருத்த முடியாது.

சேர்ந்து கேட்பது என்றால் ஊரையே கேட்க வைப்பதும் அல்ல. சுற்றுலா பஸ்களில் வந்து பாசிக்குடாக் கடற்கரையே அதிரப் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் வைப்பவர்களை நாம் பார்க்கிறோம். அங்கே கேட்பவர்களுக்குத் தெரிவு இல்லை. வீட்டில் அப்படியில்லை. தம்பி ஒன்று கேட்பான், உம்மா வேறொன்று கேட்பார். முறை வைக்க வேண்டும், விட்டுக்கொடுக்க வேண்டும், அடுத்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையை நினைத்துச் சத்தத்தைக் குறைக்கவும் வேண்டும்.

இன்னொரு வேலையும் எங்களுக்கு இருக்கிறது. மூத்தம்மாவுக்கு எழுத வராது. றியாதிலிருந்து கடிதத்துக்குப் பதிலாகக் கெசட்டில் பேசி அனுப்புவார். வீட்டிலிருந்தும் பேசி அனுப்புவார்கள். அப்படிப் போன ஒரு கெசட்டை அவர் திரும்பக் கொண்டு வந்திருந்தார். அதில் உம்மா ஆறு வயதுக் குரலில் பேசுகிறார். அவருக்குப் பிறகு, நான் ஒருநாளும் பார்த்திராத மூத்தம்மாவின் உம்மா, தூரத்தில் இருக்கும் மகளை நினைத்து ஒரு கவி படிக்கிறார். செட்டைத் திருத்திய பிறகு அதைப் போட்டோம். நாடா இடையிடையே இழுபட்டது. மூத்தம்மா தன் உம்மாவின் குரலை முப்பது வருடங்களுக்கு மேல் கேட்டிருக்கவில்லை. முடிந்ததும், “இன்னொருக்காப் போடு மகள்” என்று மட்டும் சொன்னார்.

வீ.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வெளிவந்தது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் எங்கள் கிராமத்துப் பெண்களின் கவிகளைத் தேடி எடுத்து அச்சில் ஏற்றினார்கள். அவர்களால் சொற்கள் தப்பின. ஆனால் மெட்டும் மூச்சும் இழுவையும் காகிதத்தில் ஏறாது. அவை குரலில்தான் இருக்கின்றன. யுத்தத்திலும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலும் எங்கள் கரையோர வீடுகள் எத்தனையோ இழந்தன. எஞ்சிய கெசட்டுகளையும் உப்புக் காற்றும் பூஞ்சணமும் தின்றுகொண்டிருக்கின்றன.

ஆகவே தோழியரே, உங்கள் வீட்டு அல்மாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். குரல் பதிந்த கெசட் கிடைத்தால், முதலில் அதன் மேல் விளிம்பிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்ரிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். பிறகு தவறுதலாகக்கூட அதன்மேல் வேறொன்று பதியாது. கையால் மெதுவாக ஒருமுறை சுற்றி, நாடா ஒட்டிக்கொள்ளவில்லை என்று பார்த்த பின் ஓடவிட்டு, கணினியிலோ கைத்தொலைபேசியிலோ பிரதி எடுங்கள். கெசட் இல்லாத வீட்டில் மூத்தம்மா இருந்தால், அவர் கவி படிப்பதை இன்றே பதிந்துகொள்ளுங்கள். பிறகு அதை நடுவீட்டில், எல்லோரும் இருக்கும் நேரம் போட்டுக் காட்டுங்கள். உங்கள் வீட்டில் சேர்ந்து கேட்ட அல்பங்களின் பெயர்களை அடுத்த இதழுக்கு எழுதுங்கள். எங்கள் வெள்ளிக்கிழமைகளுக்கும் புதிதாகச் சில கிடைக்கும்.

– உயர்தரக் கலைப்பிரிவு மாணவி, பாசிக்குடா