எழுதுகோல் பிடிப்பது இழிவா?



"சுருக்கெழுத்தா? அடுத்தவர் சொல்வதை எழுதிக்கொடுக்கும் வேலைதானே?" உப்பளமும் துறைமுகமும் உர ஆலையும் சூழ்ந்த முத்தையாபுரத்தில் மட்டுமன்று, காயல்பட்டினம் வரை நம் வீடுகளில் கேட்கும் பேச்சு இது. துபாயில் ஒரு கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பது கௌரவமாம். உள்ளூர் அரசு அலுவலகத்தில் எழுதுகோலுடன் அமர்வது குறைவாம்! இந்த எண்ணத்தை நாம் மார்க்கத்திலிருந்து பெறவில்லை.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கலாகாது என்று அல்லாஹ் அதில் கட்டளையிடுகிறான். ஜைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் யார்? வஹீயைக் கேட்டு எழுதியவர். நபி (ஸல்) அவர்கள் பணித்தபோது யூதர்களின் எழுத்தை அரை மாதத்தில் கற்றவர். பின்னர் அபூபக்ர் (ரலி) அவர்களின் காலத்தில் குர்ஆனைத் தொகுக்கும் பொறுப்பு அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. சொல்லக் கேட்டுப் பிழையின்றி எழுதும் அமானிதத்தைச் சுமந்தவரை நேசிக்கும் சமுதாயம், அந்தத் தொழிலை ஏளனம் செய்வது எவ்வாறு பொருந்தும்?

கணக்கைப் பார்ப்போம். 2024 ஜூன் 9 அன்று நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. எழுதியவர்களோ 15 லட்சத்துக்கும் மேல். இத்தேர்வின் வழியேதான் சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணியும் நிரப்பப்படுகிறது. பொதுக் கல்வித்தகுதி பத்தாம் வகுப்பே. ஆனால் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் தேறியிருக்க வேண்டும். அந்தச் சான்று இல்லாத பட்டதாரி, எவ்வளவு மதிப்பெண் பெற்றாலும் அந்த இருக்கையைத் தொட முடியாது. கூட்டம் குறைந்த வாசல் அது. அந்த வாசலில்தான் நம் பிள்ளைகள் இல்லை.

இடஒதுக்கீடு கேட்டு எத்தனை மாநாடுகள், எத்தனை முழக்கங்கள்! 2007இல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் கிடைத்தது. சான்றிதழ் இல்லாதவர் வீட்டுக்கு அது தானாக நடந்து வராது. பட்டியலில் உள்ள லெப்பை, மரைக்காயர், தக்னி முதலிய பிரிவைக் குறித்து முறையான சாதிச் சான்று வாங்கி வைக்காத குடும்பங்கள் இன்றும் நம்மிடையே உண்டு.

"பணம் கொடுக்காமல் வேலை ஏது?" என்பது அடுத்த சாக்கு. குரூப் 4க்கு நேர்முகத் தேர்வே கிடையாது. 2019 தேர்வில் இராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் முறைகேடு நடந்தது உண்மை. அதன் முடிவு என்ன? 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை. லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்க, நகையை அடகு வைத்துத் தரகரைத் தேடுவோர் எந்த ரிஜ்கில் பரக்கத்தை எதிர்பார்க்கின்றனர்?

மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. சுருக்கெழுத்தர் தேர்வும் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். ‘டி’ நிலைக்கு நிமிடத்துக்கு 80 சொற்கள் வீதம் பத்து நிமிடம் எழுத வேண்டும். ஆங்கிலம் அல்லது இந்தியில் மட்டுமே! தமிழுக்கு இடமில்லாதது அநீதி. அதை எதிர்ப்போம், எதிர்த்துக்கொண்டே ஆங்கிலச் சுருக்கெழுத்தையும் கற்போம்.

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வருத்தமாக இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் முதலிடம் பெற்ற பெண்ணை, வரன் வரும்வரை வீட்டில் இருத்துகிறோம். மாநில அரசுப் பணிகளில் பெண்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி, அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்துக் கற்பித்தவர். நபியின் இல்லத்தில் தடுக்கப்படாத எழுதுகோலை நாம் யாருடைய அதிகாரத்தால் தடுக்கிறோம்?

இக்கடற்கரையில் 1961க்குப் பின் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அத்தொழிலை நம்பியிருந்த நம் முன்னோர் வேறு வழி தேடினர். வளைகுடா வேலையும் என்றென்றும் நிலைக்கும் என யார் எழுதிக் கொடுத்தார்?

சுருக்கெழுத்துக் கைவர ஓராண்டுக்கும் மேல் அன்றாடப் பயிற்சி வேண்டும். அதைத் தனித்தனிக் குடும்பங்களின் தலையில் கட்டாமல் ஜமாஅத்துகள் ஏற்க வேண்டும். பிள்ளைகள் காலையும் மாலையும் மட்டுமே வந்துபோகும் மத்ரஸாக் கூடங்கள் பகலெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. அங்கே பத்துத் தட்டச்சுப் பொறிகளை வைக்கவும், ஓர் ஆசிரியருக்கு மாத ஊதியம் தரவும் ஆகும் செலவு, பள்ளிவாசல் நுழைவாயிலுக்கு நாம் பூசும் வண்ணத்தைவிட அதிகமா என்று நிர்வாகிகள் கணக்கிட்டுச் சொல்லட்டும்.