தூக்கி எறிந்த மிதிவண்டி



வாடகைக்கு எடுத்த மிதிவண்டியைத் திருப்பிக் கொடுக்காமல் போனால் ஓர் உயிர் போகுமா? 1998-இல் வெளிவந்த ‘ரிட்டர்ன் டு பாரடைஸ்’ என்ற ஆங்கிலப் படத்தில் போகிறது. எங்கள் பங்கின் இளைஞர்களோடு அண்மையில் இப்படத்தைப் பார்த்தேன். பார்த்து முடித்த பிறகு நடந்த வாக்குவாதம்தான் என்னை இதை எழுதவைத்தது.

ஷெரிப், டோனி, லூயிஸ் என்ற மூன்று அமெரிக்க இளைஞர்கள் விடுமுறைக்கு மலேசியா போகிறார்கள். கடற்கரை, குடி, கஞ்சாப் பிசின் என்று நாட்கள் கழிகின்றன. ஷெரிப் ஒரு மிதிவண்டியை வாடகைக்கு எடுத்துச் சேதப்படுத்தி, வழியிலேயே தூக்கி எறிந்துவிடுகிறான். ஊர் திரும்பும்போது மீதமிருந்த போதைப்பொருளையும் குப்பையில் போட்டுவிட்டுப் போகிறான். லூயிஸ் மட்டும் பின்தங்குகிறான். மிதிவண்டிக்காரர் போலீசாரோடு வந்து தேட, குப்பையில் கிடந்தது அகப்படுகிறது. அளவு சட்ட வரம்பைத் தாண்டியதால் லூயிஸ் கடத்தல்காரன் ஆகிறான். தூக்குத் தண்டனை.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு பெண் வழக்கறிஞர் நியூயார்க் வருகிறார். தூக்குக்கு இன்னும் எட்டே நாள்தான். நண்பர்கள் இருவரும் திரும்பி வந்து தங்கள் பங்கை ஒப்புக்கொண்டால் ஆளுக்கு மூன்று ஆண்டுச் சிறை, லூயிஸ் பிழைப்பான். ஒருவர் மட்டும் வந்தால் அவருக்கு ஆறு ஆண்டு. ஷெரிப் அப்போது கார் ஓட்டிப் பிழைக்கிறான். டோனிக்கோ நல்ல வேலை, நிச்சயிக்கப்பட்ட பெண். (படத்தின் நடுப்பகுதியை ஷெரிப்புக்கும் வழக்கறிஞருக்கும் இடையிலான காதல் தின்றுவிடுகிறது. எனக்கு அது தேவையற்றதாகவே பட்டது.) கடைசி நேரத்தில் டோனி பின்வாங்குகிறான்.

எங்கள் வாக்குவாதம் இங்கேதான். “டோனி செய்ததில் என்ன தப்பு, சாமி? தூக்கு போட்டது சட்டம். அவன் எதற்காக மூன்று வருடம் கொடுக்க வேண்டும்?” என்று ஓர் இளைஞர் கேட்டார். பலர் தலையசைத்தார்கள். காயினிடம் கடவுள் கேட்ட கேள்வியை நினைவூட்டினேன். “காயின் கொன்றான், டோனி கொல்லவில்லையே” என்று பதில் வந்தது. சரிதான், அந்தக் கேள்வியை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது.

சட்டத்தையும் பார்ப்போம். மலேசியாவின் 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி ஹெராயின் 15 கிராமோ கஞ்சா 200 கிராமோ அதற்கு மேலோ ஒருவரிடம் இருந்தால், அவர் கடத்துகிறார் என்றே அனுமானிக்கப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. 1983 முதல் இக்குற்றத்துக்கு மரண தண்டனை கட்டாயமாக்கப்பட்டது. 1986-இல் ஆஸ்திரேலியர் இருவர் தூக்கிலிடப்பட்டபோதுதான் மேலை நாடுகள் இதைத் திரும்பிப் பார்த்தன. இத்தகைய சட்டம் கிராமை எண்ணுகிறது. யார் வாங்கினார், யார் யார் சேர்ந்து அனுபவித்தார், யார் முன்னதாக விமானம் ஏறினார் என்பது தராசில் ஏறுவதில்லை. எவன் கையில் இருந்ததோ அவன் மாட்டினான்.

இது சினிமா மட்டுமல்ல. 2009-இல் மலேசியத் தமிழ் இளைஞர் ஒருவர் 42.72 கிராம் ஹெராயினைத் தொடையில் கட்டிக்கொண்டு சிங்கப்பூருக்குள் நுழையும்போது பிடிபட்டார். வேறொருவர் மிரட்டியதால் சுமந்தேன் என்று அவர் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவர்கள் கணித்திருந்தார்கள். பல நாடுகளிலிருந்து வேண்டுகோள்கள் போயும், 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார். பொட்டலத்தை அனுப்பியவர் தூக்குமேடை ஏறவில்லை.

மலேசியாவில் காற்று மாறியிருக்கிறது. 2018-இல் தூக்கிலிடுவது நிறுத்தி வைக்கப்பட்டது. 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனையே நீக்கப்பட்டு, நீதிபதி தூக்குக்குப் பதிலாக 30 முதல் 40 ஆண்டுவரை சிறை விதிக்க வழி பிறந்தது. நூற்றுக்கணக்கான கைதிகளின் தண்டனை மறுபரிசீலனையில் குறைந்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018-இல் மறைக்கல்வி நூலின் 2267-ஆம் எண்ணைத் திருத்தி, மரண தண்டனையை எந்நிலையிலும் ஏற்க முடியாது என்று அறிவித்ததும் அதே ஆண்டுதான். போதைப்பொருளால் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு இது கசப்பாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக்கும் நான் போயிருக்கிறேன்.

படத்தில் ஷெரிப் தனியாகப் போகிறான். நீதிபதி இரங்குகிற மாதிரிதான் தெரிகிறது. அதற்குள் அந்நாட்டு நீதியைப் பழித்து அமெரிக்கப் பத்திரிகையில் செய்தி வர, சினமுற்று மனம் மாறுகிறார். ஷெரிப்பும் சிறையில், லூயிசும் தூக்கில். கணக்குப் பார்த்தால் ஷெரிப்பின் தியாகம் வீண். ஆனால் லூயிசை முற்றத்தில் இழுத்துச் செல்லும்போது, அறைச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று ஷெரிப் கத்துகிறான். பயத்தில் துவண்டு கிடந்த லூயிசின் கண்கள் அந்தச் சன்னலைத் தேடுகின்றன.

டோனிக்காக வாதாடிய அந்த இளைஞர் எல்லாரும் கலைந்த பிறகும் நின்றுகொண்டிருந்தார். பள்ளியில் தன்னோடு படித்தவன் கஞ்சா வழக்கில் எட்டு மாதமாகச் சிறையில் இருப்பதாகவும், தான் ஒருமுறைகூடப் போகவில்லை என்றும் சொன்னார். பிறகு, சிறையில் மனு போட்டுப் பார்க்க என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று கேட்டார்.